போர்ட் லூயிஸ்: கறிவேப்பிலை மணக்கும் கடற்கரைத் தலைநகரம்

ஆப்பிரிக்கா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிங்கம், அடர்ந்த காடு, கொளுத்தும் பாலைவனம்... எனக்கும் அப்படித்தான். ஆனால் ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்றின் தலைநகரத்தில், மார்க்கெட்டில் ஒரு பெண் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி "முரூம்! முரூம்!" என்று கூவுகிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் நம்ம முருங்கைக்கீரை! பக்கத்துக் கூடையில் "கொத்தோமிலி", அதற்கடுத்து "கறிப்புலே". கொத்தமல்லியும் கறிவேப்பிலையும்தான், வேறென்ன!

அந்த ஊர்தான் போர்ட் லூயிஸ். மொரீஷியஸ் தீவின் தலைநகரம். என் நாத்தனாரின் கணவருக்கு அங்கே கட்டட வேலையில் உத்தியோகம். "அண்ணி, ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்" என்று அவள் நச்சரித்ததில், போன செப்டம்பரில் மூன்று வாரம் அங்கே தங்கும்படி ஆயிற்று. பார்த்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டி, இந்து மகாசமுத்திரத்தில் ஒரு புள்ளி மாதிரி இருக்கிறது மொரீஷியஸ். மொத்தப் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர்தான். நம் அரியலூர் ஜில்லாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்! ஜனத்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். தலைநகரத்தில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊர்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில். போர்ட் லூயிஸ் வடமேற்கு மூலையில். ஆகவே இறங்கினதும் தீவையே குறுக்கே கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும். வழியெல்லாம் கரும்பு. எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் கரும்புக்குப் பின்னால் கூர் கூராக மலைகள். அதில் ஒன்றுக்குப் 'பெருவிரல்' என்று அர்த்தம் வரும் பெயர். பிரெஞ்சில் 'லெ பூஸ்'. இன்னொன்று 'பீட்டர் போத்'. அதன் உச்சியில் ஒரு பெரிய பாறை, மனுஷத் தலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்த மலைகள் அரைவட்டமாகக் கைகோத்து நிற்க, நடுவில் துறைமுகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறது ஊர்.

நம் அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. அதனால்தான் தோண்டினால் சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும். அந்தத் தீவு அதற்கு நேர் எதிர்: எரிமலை கக்கிய குழம்பு இறுகிக் கடலிலிருந்து எழும்பின நிலம். பழைய கட்டடமெல்லாம் கன்னங்கரிய எரிமலைக் கல். பூசச் சுண்ணாம்பு வேண்டுமே, அதற்கு அந்தக் காலத்தில் கடலோரப் பவளத்தைச் சுட்டு எடுத்தார்களாம்.

ஊரைக் கட்டினவர்கள் யார்?

1598-ல் டச்சுக்காரர்கள் வந்திறங்கி, தங்கள் இளவரசர் மாரிட்ஸின் பெயரை வைத்தார்கள். 1710-ல் அவர்கள் கைவிட்டுப் போக, 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1735-ல் கவர்னராக வந்த மாஹே த லா பூர்தொனே என்பவர்தான் போர்ட் லூயிஸை நிஜமான துறைமுகமாக, தலைநகரமாக ஆக்கினார். துறைமுகத்துக்கு எதிரே, வரிசையாகப் பனை போல் நிமிர்ந்த மரங்களுக்கு முன்னால் அவர் சிலை இன்றும் நிற்கிறது.

சிலை அவருக்கு. ஆனால் கல் சுமந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகள். கல் கொத்தியதும் மரம் இழைத்ததும் பாண்டிச்சேரியிலிருந்து அழைத்துப் போன நம் தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும்! கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோனதற்கு நூறு வருஷம் முன்னாலேயே நம்மவர்கள் அங்கே கைத்தொழிலாளிகளாகப் போயிருக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த ஊரின் கிழக்குப் பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். தமிழர்களைத்தான் அப்போது 'மலபார்' என்றார்கள்.

1740 வாக்கில் கட்டின ராணுவ மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அதை இப்போது அடிமை வரலாற்று அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அவசியம் காட்ட வேண்டிய இடம்.

1810-ல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1968 மார்ச் 12-ல் சுதந்திரம். 1992-ல் அதே நாளில் குடியரசு.

பதினாறு படிகள்

துறைமுகத்தை ஒட்டி 'ஆப்ரவாசி காட்' என்று ஒரு இடம். 'குடியேறியவர்கள் துறை' என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2006-ல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரிய கோபுரமோ அரண்மனையோ இல்லை. ஒரு கல் கட்டடம், பழைய சமையற்கூடம், குளியலறை, ஆஸ்பத்திரிப் பகுதியின் மிச்சம், அப்புறம் பதினாறு கல் படிகள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படிக்கட்டின் கீழே நின்று பாருங்கள், நெஞ்சை என்னமோ செய்யும்.

1835 பிப்ரவரி 1-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1834 நவம்பர் 2-லேயே 'அட்லாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அதன் பிறகு எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் கப்பல் கப்பலாக வந்தார்கள். கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர். பீகாரிகள்தான் ஏராளம். சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு. பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை.

கப்பலை விட்டு இறங்கி, அந்தப் படி ஏறி, ஓரிரு நாள் கொட்டடியில் தங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். 1860-களிலிருந்து போட்டோ ஒட்டின சீட்டு வேறு. அது கையில் இல்லாமல் வெளியே நடமாட முடியாது. ஆண்களை விடப் பெண்கள் மிகக் குறைவு. கைக்குழந்தையோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் அந்தப் படி ஏறினவள் என்ன நினைத்திருப்பாள்? வாரக்கணக்காகக் கப்பலில் ஆடின காலுக்கு முதல் கல் படி எப்படி இருந்திருக்கும்?

இன்று பிப்ரவரி 1, நவம்பர் 2 இரண்டுமே அந்நாட்டில் அரசு விடுமுறை. அடிமைப்பட்டவரையும் கூலியாக வந்தவரையும் தனித்தனியே நினைக்கும் நாடு அது.

மார்க்கெட்டில் ஒரு காலை

நம்மைப் போன்றவர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் மார்க்கெட்தானே முதல் கோயில்! போர்ட் லூயிஸ் மத்திய மார்க்கெட்டில் காலை நேரம் கால் வைக்க இடமில்லை. கீழே காய்கறி, மாடியில் துணிமணி, கூடை. ஒரு மூலையில் நாட்டு மருந்துக் கடைகள். காய்ந்த இலைகளைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு, ஜலதோஷத்துக்கு இது, வயிற்று உப்புசத்துக்கு இது என்று கஷாயத்துக்குச் சொல்கிறார்கள். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையே ஞாபகம் வந்தது.

பீர்க்கங்காயை அங்கே 'பிபங்காய்' என்கிறார்கள். ரசம், 'ரசோன்'. பெண்கள் பேசுவது கிரியோல். பிரெஞ்சிலிருந்து கிளைத்த பேச்சு மொழி. பேப்பர் பெரும்பாலும் பிரெஞ்சில், பார்லிமெண்ட் ஆங்கிலத்தில். ஆனால் சமையல்கட்டு மட்டும் தமிழ்ச் சொல்லை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பேச்சு போயும் குழம்பு போகவில்லை, பாருங்கள்!

தெருவுக்குத் தெரு 'டால் பூரி' வண்டி. வேகவைத்துப் பொடித்த மஞ்சள் பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்து, மெல்லிசாக இட்டுச் சுட்டது. ஜோடி ஜோடியாகத்தான் தருவார்கள். மேலே பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு, மல்லிச் சட்னி. குடிக்க 'அலூடா': பாலில் ஊறின சப்ஜா விதையும் கடல்பாசி ஜெல்லியும் போட்டு, ஜில்லென்று. வெயிலுக்கு இதம்.

விசேஷ நாட்களில் தமிழ் வீடுகளில் 'ஏழு கறி' சாப்பாடு. தலைவாழை இலையில் சோறு, சுற்றிலும் ஏழு விதக் காய்க் கறிகள், ரசோன், பாயசம், அப்பளம். அந்த இலையைப் பார்த்ததும், நான் அரியலூரில் இருக்கிறேனா ஆப்பிரிக்காவில் இருக்கிறேனா என்று ஒரு நிமிஷம் தடுமாறிப் போனேன்.

ரூபாய் நோட்டில் தமிழ்

அந்த ஊர்ப் பணமும் ரூபாய்தான். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் எழுத்து! 1998-ல் வெளியிட்ட புது நோட்டுகளில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். தமிழ்ச் சமூகம் கொதித்தெழுந்தது. கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் அச்சடிக்க வேண்டியதாயிற்று. நூறு ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற அந்நாட்டுத் தலைவரின் படம்.

பெயர்ப் பலகைகளைப் படிப்பதே ஒரு பொழுதுபோக்கு. 'சொக்கலிங்கும்', 'ஆர்மூகும்', 'குப்பேன்', 'வீரப்பேன்', 'சின்னதம்பு'... நம்ம சொக்கலிங்கம், ஆறுமுகம், குப்பன், வீரப்பன், சின்னத்தம்பிகள்தான். துறைமுகத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்தது, அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

நகர விளிம்பில் கைலாசன் கோயில். சொக்கலிங்கரும் மீனாட்சியும் குடிகொண்ட இடம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் கூட்டம் சொல்லி முடியாதாம். அன்று நாடு முழுக்க லீவு. கோயிலில் இளம்பெண்கள் தமிழ்ப் பாட்டைக் கணீரென்று பாடினார்கள். எட்டிப் பார்த்தேன், கையில் இருந்த புத்தகத்தில் பாட்டெல்லாம் ஆங்கில எழுத்தில்!

ஒரு காகிதமும் ஒரு கேள்வியும்

நாத்தனார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபது வயதுப் பாட்டியம்மாள் ஒருவர். சனிக்கிழமை தோறும் மிளகு ரசோன் வைப்பவர். தமிழில் அவருக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சமையல்கட்டுக்கும் கோயிலுக்கும் உள்ளேயே அடங்கிவிடும். நான் அரியலூர்க்காரி என்று தெரிந்ததும் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அவருடைய முப்பாட்டியின் குடியேற்றப் பதிவின் நகல். நம்பர், வயசு, உயரம், கப்பல் ஏறின இடம் மெட்ராஸ், ஜில்லா 'திரிச்சினாப்பள்ளி'. அதற்கடுத்து கிராமத்தின் பெயர்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1995-ல் பெரம்பலூர் ஜில்லா பிரியும் வரை நாமும் திருச்சி ஜில்லாதானே!

அந்தக் கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். வேலூர் என்றும் படிக்கலாம், வெள்ளூர் என்றும் படிக்கலாம், வேறு நாலு விதமாகவும் படிக்கலாம். குமாஸ்தா எழுதின கூட்டல் அப்படி. பாட்டியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார்தான் மொழிபெயர்த்தாள்: "நீங்க சொல்ற மாதிரி சொல்லி அவங்க கேட்டதே இல்லையாம். இன்னொரு தடவை சொல்லச் சொல்றாங்க அண்ணி."

சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு விதமாகவும். அவர் கூடவே சொல்லிப் பார்த்தார். எது அவருடைய ஊர் என்று அன்றைக்கு முடிவாகவில்லை. அந்த நாலைந்து பெயரையும் காகிதத்தின் ஓரத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அந்த எழுத்தை அவரால் படிக்க முடியாது. ஆனாலும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

பேத்தி ஆரம்பப் பள்ளியில் தமிழ் படிக்கிறாள். அங்கே பள்ளிகளில் முன்னோர் மொழியைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்ட, பாட்டி முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே!

இனிப்புத் தீவின் கசப்பு

நம் பத்திரிகை வாசகிகளுக்கு இதைச் சொல்லாமல் போனால் தப்பு. அந்தத் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. பாட்டியம்மாளின் கணவருக்கும் அதில்தான் கால் விரல்கள் போயின. வெள்ளை ரொட்டி, மைதா, எண்ணெய்ப் பலகாரம், கலர் பானம், நடை குறைந்த வாழ்க்கை... காரணங்கள் நமக்குப் புதிதா என்ன?

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1987-ல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்ததை மாற்றி, முழுக்க சோயா எண்ணெய் ஆக்கியது. கூடவே உணவு, உடற்பயிற்சிப் பிரசாரமும் நடந்தது. 1992-ல் மறுபடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது சராசரிக் கொலஸ்ட்ரால் சுமார் 15 சதவிகிதம் குறைந்திருந்தது! சர்க்கரை வியாதியும் பருமனும் மட்டும் அடங்கவில்லை. எண்ணெயை மாற்றினால் போதாது, அளவையும் குறைக்க வேண்டும், காலையும் அசைக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

இன்னொரு கதை மலேரியா. 1866-ல் ஆரம்பித்த காய்ச்சல் அடுத்த வருஷம் போர்ட் லூயிஸில் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. வசதி படைத்தவர்கள் குளிர்ந்த மேட்டுப் பகுதியான க்யூர்பிப்புக்குக் குடிபோனார்கள். விடாமல் கொசுவை ஒழித்து, 1973-ல் 'மலேரியா இல்லாத நாடு' என்று சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

புயலும் அவர்களுக்குப் பழகின விருந்தாளி. 1892 ஏப்ரல் புயலில் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். 2013 மார்ச் 30-ல் திடீர் வெள்ளத்தில் தலைநகரில் 11 பேர் போனார்கள். புயல் எச்சரிக்கையை எண் போட்டுச் சொல்கிறார்கள். மூன்றாம் எண் வந்தால் யாரும் வெளியே போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். அதற்காக மெழுகுவர்த்தி, குடிதண்ணீர், பால் பவுடர், ரொட்டி எல்லாம் ஒரு பெட்டியில் தயார். மழைக்காலத்துக்கு நாமும் செய்யலாமே!

இன்னும் என்ன பார்க்கலாம்?

* இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: மனிதன் வந்திறங்கி நூறு வருஷத்துக்குள் பூண்டோடு அழிந்த 'டோடோ' பறவையின் எலும்புக்கூடு. குழந்தைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள்.
* ப்ளூ பென்னி அருங்காட்சியகம்: 1847-ல் அச்சான, உலகப் புகழ் பெற்ற இரண்டு தபால் தலைகள். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்று கொஞ்ச நேரம்தான் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள்.
* ஷாம் த மார்ஸ்: 1812-ல் தொடங்கின குதிரைப் பந்தய மைதானம்.
* சித்தடெல் கோட்டை: மேலே ஏறினால் ஊர், கப்பல், மசூதி, மாதா கோயில், சீனக் கடைத்தெரு எல்லாம் ஒரே பார்வையில்.
* அருள்தந்தை லவால் சமாதி: டாக்டராக இருந்து பாதிரியாரானவர். விடுதலையான அடிமைகளுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். 1864-ல் இறந்தார். செப்டம்பர் 9-ல் அவர் நினைவு நாள். முந்தின இரவிலிருந்தே ஜனங்கள் நடந்து வருகிறார்கள். பொட்டு வைத்த பெண்களும் முக்காடு போட்ட பெண்களும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதை நானே பார்த்தேன்.

போகிறவர்களுக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை இதமான குளிர். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயிலும் புயலும். ஊருக்குள் சுற்ற பஸ்ஸும், 2020-லிருந்து ஓடும் மெட்ரோ ரயிலும் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆபீஸ்காரர்கள் கிளம்பிவிட, கடைத்தெரு வெறிச்சோடும். ஆகவே காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். புளி, அப்பளம் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம், அங்கேயே கிடைக்கிறது.

வீட்டிலேயே செய்யலாம்: கத்தோ பிமான்

'மிளகாய்க் கேக்' என்று அர்த்தம். சாப்பிட்டால் நம்ம மசால் வடையின் தங்கை!

கடலைப்பருப்பு ஒரு டம்ளர் எடுத்து மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, கரகரப்பாக அரைக்கவும். பொடியாக நறுக்கின வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய் நாலு, கொத்தமல்லி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசையவும். நம் வடை போல் தட்டாமல், சின்ன எலுமிச்சங்காய் அளவு உருட்டி, மிதமான சூட்டில் பொன்னிறமாகப் பொரிக்கவும். அங்கே காலையில் இதை வெண்ணெய் தடவின ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் ரொட்டியை விட்டுவிட்டு, இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும்!

கடைசியாக ஒரு வார்த்தை

இப்போது நம் ஜில்லாவிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று குடும்பத்தோடு போகிறார்கள். நாளைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? ரசத்தின் ருசி கட்டாயம் மிஞ்சும். அதை அம்மா கை பார்த்துக்கொள்ளும். ஆனால் எழுத்து தானாக மிஞ்சாது. தினம் பத்து நிமிஷம் உட்கார்த்தி வைத்து, அ, ஆ சொல்லிக் கொடுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாத்தா பாட்டி பெயர், ஊர், தாலுகா, குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் தமிழில் தெளிவாக எழுதி, தேதி போட்டு வையுங்கள். குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.